அய்யாக்கண்ணு சாய்ந்த மரங்கள்

பதினேழாங்கட்டைத் தோட்டத்தில் அய்யாக்கண்ணு சாய்ந்து உட்கார்ந்த ரப்பர் மரம், ஓர் ஆகஸ்டு மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தன் இலைகளை எல்லாம் ஒரே மூச்சில் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றபோது, பக்கத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த நாங்கள் கேட்ட முதல் கேள்வி, இதையெல்லாம் யார் கூட்டுவது என்பதுதான்.

இலை உதிரும் மாதம் இல்லை அது. மாசி பங்குனியில் ரப்பர் இலை சிவந்து, காய்ந்து, நாள் கணக்காக உதிரும். இதுவோ பச்சைப் பசேலென்று, காம்போடு, ஈரத்தோடு விழுந்து, பால் பிடிக்கும் மங்குகளை மூடி, வாளிப் பாலில் மிதந்து, அய்யாக்கண்ணுவைக் கணுக்கால் வரைக்கும் புதைத்திருந்தது. அவர் சங்கடத்தோடு எழுந்து, "மன்னிச்சுக்குங்க, மூச்சு வாங்குச்சு, அதான் சாஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். அதுவும் உதிர்த்தது. மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் பதினோரு மரங்கள் மொட்டையாகிவிட்டன. அந்த நிரை மரங்களில் பால் எடுக்கிற அன்னக்கொடி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மாமா, நாளைக்காவது வேற நிரையில போயி உக்காருங்க" என்றாள்.

நாங்கள் ஆச்சரியப்படவில்லை. அவர் முதுகைப் பார்த்திருக்கிற யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எழுபதைப் போல இருந்தார். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் முதுகிலும் கறுப்பு முனை வைத்த கட்டிகள் இருபத்தொன்பது வருஷமாக வருவதும் உடைவதும் மறுபடி வருவதுமாக இருந்தன, கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை, கண் மஞ்சளடித்துக் கிடந்தது. உடம்புக்குள் இருந்தது இத்தனை நாள் உள்ளேயே இருந்தது, இப்போது வெளியே வந்து மரத்தைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அது எப்படி உள்ளே போனது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம், மலாயாக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் முள்வேலிக்குள் நாங்களும் இருந்த காலத்தில், சாலையோரக் காடு மறைவாக இருப்பதால்தானே மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று வெள்ளைக்காரப் பட்டாளம் காட்டை மொட்டையடிக்கத் தீர்மானித்தது. எங்கள் தோட்டத்திலிருந்து பதினோரு இளவட்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், முதுகில் பம்பைக் கட்டி, மண்ணெண்ணெய் மாதிரி நாறுகிற ஒரு மருந்தை அடிக்கச் சொன்னார்கள். ஒன்றும் செய்யாது, இது செடிக்குத்தான் விஷம் என்று ஒரு சார்ஜண்ட் அதில் விரலை விட்டு நக்கிக் காட்டினான். ஒரே வாரத்தில் சாலையின் இரண்டு பக்கமும் காடு எலும்பும் தோலுமாக நின்றது. பதினோரு பேரும் தினம் சாயங்காலம் தொப்பலாக நனைந்து வீடு திரும்பினார்கள். காலியான தகரப் பீப்பாய்கள், மூடியோடு இருந்த நல்ல பீப்பாய்கள், நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தன. ஆளாளுக்குப் போட்டி போட்டு வாங்கித் தண்ணீர் பிடித்து வைத்தோம்.

அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் ஈரல் வீங்கி, ஒருவர் ரத்தம் கெட்டு, ஒருவர் தொண்டையில் கட்டி வந்து, இப்படி ஆளுக்கொரு காரணம். ஒருவரும் ஐம்பதைத் தாண்டவில்லை. பத்தாவது ஆள் கோலாலம்பூர் பக்கம் போனார், தகவல் இல்லை. மிஞ்சியவர் அய்யாக்கண்ணு.

அவர் பெண்சாதி பூரணம் ஏறாத படி இல்லை. தோட்டத்தில் மருந்து கட்டுகிற டிரசர் வெள்ளைக் களிம்பு கொடுத்தார், வருஷக் கணக்காக அதே களிம்பு. பெரிய ஆஸ்பத்திரியில் பீடி உண்டா என்றார்கள், இல்லை. கள்ளு உண்டா என்றார்கள், இல்லை. அப்படியானால் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். உதவிப் பணம் கேட்டுப் போன சர்க்கார் ஆபீசில், கணக்கு எழுதுகிற கிராணி தலையைத் தூக்காமலே விசாரித்தார்.

"என்னா மருந்து அது? பேரு?"

"தெரியாதுங்க."

"யாரு அடிக்கச் சொன்னா?"

"பட்டாளம்."

"எந்தப் பட்டாளம்?"

"ஊருக்குப் போயிட்ட பட்டாளம்."

"அப்ப அவங்களத்தான் போயி கேக்கணும். கடுதாசி ஏதும் இருக்கா?"

கடுதாசி இல்லை. தோட்டத்துப் பழைய புத்தகங்களைக் கரையான் அரித்துவிட்டதாகச் சொன்னார்கள். பூரணம் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். வந்ததும் முந்தானையை உதறிக் கழுத்தைச் சுற்றிச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். அன்றைக்குப் பாத்திரங்கள் போடும் சத்தத்தை வைத்தே எந்த ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறாள் என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.

மரங்கள் உதிரத் தொடங்கிய பிறகு அய்யாக்கண்ணுவை ஆள் மாற்றி ஆள் கூப்பிட ஆரம்பித்தோம். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. துணி காயவிடாமல் நிழலடிக்கிற ரம்புத்தான் மரத்தில் கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள் கடைசி லயத்துப் பெண்கள். பள்ளிக்கூடத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி மண்டிவிட்டது, ஒரு அஞ்சு நிமிஷம் வாங்கண்ணே என்றார் வாத்தியார். கோவில் கமிட்டியோ நேர்மாறாக, அரசமரத்துக்கு முப்பதடி தள்ளி நின்று கும்பிட்டால் போதும், அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியது. அவரும் யார் கூப்பிட்டாலும் போனார், எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றார். மூன்றாவது வாரம் பூரணம் துடைப்பத்தோடு லயத்து வாசலுக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"மரத்துக்கு என்னா ஆச்சுன்னு கேட்டீங்க. துணி காயுமான்னு கேட்டீங்க. இந்த மனுஷனுக்கு என்னான்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா?"

அவள் கூட்டிவிட்டு உள்ளே போனாள்.

தோட்ட நிர்வாகம் மட்டும் கேட்டது. மனுஷனைப் பற்றி இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட லயத்துப் பக்கம் கார் அனுப்பாத மானேஜர், நாற்பத்திரண்டு மரம் மொட்டையான மூன்றாம் நாளே தந்தி அடித்து, மர நோய் பார்க்கிற அதிகாரி ஒருவரை வரவழைத்தார். திருச்செல்வம் என்று பெயர். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். ஒல்லியான, நாற்பது வயது மனிதர். மனுஷரைப் பார்ப்பதைவிட மரத்தைப் பார்த்தால்தான் அவர் முகம் தெளியும். மர டாக்டர் என்று நாங்கள் பெயர் வைத்தோம். அவர் மண்ணை எடுத்தார், வேரைக் கீறினார், பட்டையைச் சுரண்டிக் குப்பியில் அடைத்தார். ஐந்தாம் நாள் மொட்டை மரங்களை எல்லாம் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பார்த்தபோது, அந்தக் கோடு அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றது. அவர் உள்ளே வந்து, தயங்கி, பஞ்சால் அய்யாக்கண்ணுவின் நெற்றி வியர்வையை ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பதினாறு பக்க அறிக்கை வந்தது. அய்யாக்கண்ணுவின் மகள் தவமணி அதை வாங்கிப் படித்தாள். இருபத்து நான்கு வயது அவளுக்கு. இடது கையில் மூன்று விரலோடு பிறந்தவள். வலது கையால் லயத்துக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவள். காட்டுக்கு அடித்த மருந்தின் பெயர் அந்த அறிக்கையில் நீளமாக, எழுத்துப் பிசகாமல் இருந்தது. அது இந்த மனிதரின் கொழுப்பிலும் வியர்வையிலும் இன்னும் இருக்கிறது என்றும், மரங்களுக்கு வந்த கேட்டுக்கு அதுவே காரணம் என்றும் இருந்தது.

பூரணம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மரத்தைப் பத்தினது" என்றார்கள். உதவி ஆபீசில் கிராணி முதல் முறையாகத் தலையைத் தூக்கி, "இது மரத்தைப் பத்தினதும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. நேராக மர டாக்டர் தங்கியிருந்த கொட்டகைக்குப் போய் அறிக்கையை மேசையில் வைத்தாள்.

"சார், இதுல எங்க வீட்டுக்காரரப் பத்தி எழுதியிருக்கீங்க. ஆனா மரத்துக்குத்தான் மருந்து குடுப்பீங்களாம்."

"நான் மரத்தைத்தான் பார்க்கலாம், அம்மா. என்ரை ஃபாரத்தில மனுசருக்கு இடமில்லை. இருபது வருசமா எழுதுறன். நோய் வந்த ஒரு மரமும் கவுண்டரில போய் நிக்கிறதில்லை. நாங்கள்தான் அதைத் தேடிப் போறம். மனுசருக்கு ஏன் அப்பிடி இல்லையெண்டு என்னைக் கேக்காதேங்கோ, எனக்கும் விளங்கேல்லை."

"அப்ப மரம்னு எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்து, நிரை எண் இருபத்தேழு, மர எண் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு என்று எழுதினார்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தை நிரப்பினார். பட்டை என்ற இடத்தில் முதுகைப் பார்த்து எழுதினார். சாறு என்ற இடத்துக்காக ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். வேர் என்ற இடத்தில் காலைத் தட்டிப் பார்த்து, உணர்ச்சி குறைவு என்று போட்டார். அடுத்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. காய், விதை, நாற்று என்று அச்சடித்திருந்தது.

"பிள்ளைகள்?" என்றார் தாழ்ந்த குரலில்.

அய்யாக்கண்ணு பூரணத்தைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். முதல் பிள்ளை ஏழு மாதத்தில் உயிரில்லாமல் வந்தது, ஐம்பத்து மூன்றில். இரண்டாவது மூன்று நாள் இருந்தது; முகம் சரியாக இல்லை; பெயர் வைக்கவில்லை. மூன்றாவது தவமணி.

"பீப்பாய நான்தான் சார் கேட்டேன்" என்றாள். "இவரு கொண்டாரல. எல்லார் வீட்டுலயும் இருக்கு, எனக்கு ஒன்னு கொண்டாந்தா என்னான்னு நான்தான் நச்சரிச்சேன். ஏழு வருசம் அதுலதான் தண்ணி புடிச்சேன். அதுலதான் குளிச்சேன், குடிச்சேன், ஒல வச்சேன். நல்லாக் கழுவிட்டுத்தான் வச்சேன், சார். சாம்பல் போட்டு மூணு தடவ கழுவுனேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தொன்பது வருஷமாக ஆபீஸ் ஆபீசாக அவளை ஏறவைத்தது எது என்று அந்த நிமிஷம்தான் எங்களுக்குப் புரிந்தது; ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே பீப்பாய் இருந்தது, நாங்களும் சாம்பல் போட்டுத்தான் கழுவினோம்.

அய்யாக்கண்ணு மெதுவாகச் சொன்னார். "நீ கேக்காட்டியும் கொண்டாந்துதான் இருப்பேன், பூரணம். நல்ல பீப்பா அது."

தவமணி தன் இடது கையை எடுத்து ஃபாரத்தின் பக்கத்தில் வைத்தாள். "எழுதுங்க சார். எத்தன வெரல்னு எண்ணி எழுதுங்க."

அவர் எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. நோய் கண்ட மரத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று நிர்வாகத்தின் விதிப் புத்தகத்தில் இருந்ததோ அதெல்லாம் அய்யாக்கண்ணுவுக்குக் கிடைத்தது. வாரம் ஒரு முறை பார்வையிட்டார்கள். வெயில் படாமல் கூரைக்குத் தட்டி கட்டினார்கள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். ரத்தம் தலைநகரத்துக்குப் போய்ப் பதிலோடு திரும்பி வந்தது. அந்தப் பதிலைப் பார்த்து மர டாக்டர் தனக்குத் தெரிந்த ஒரு மனுஷ டாக்டரிடம் கேட்டு மருந்து வாங்கி வந்தார். மூன்று மாதத்தில் அவர் பெற்ற கவனிப்பு, மனுஷனாக இருந்த ஐம்பத்திரண்டு வருஷத்தில் பெற்றதைவிட அதிகம். கட்டிகள் கொஞ்சம் அடங்கின. உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு புதன்கிழமை அன்னக்கொடி கொட்டகை வாசலில் போய் நின்றாள். அவள் அப்பா அந்தப் பதினோரு பேரில் ஒருவர். "என்னையும் எழுதிக்குங்க சார், எனக்குக் குழந்தை தங்க மாட்டேங்குது" என்றாள். அவளுக்குப் பின்னால் செத்துப்போன ஒன்பது பேரின் பெண்சாதிகள், பிள்ளைகள், பீப்பாய் வைத்திருந்தவர்கள் என்று வரிசை நீண்டது. அய்யாக்கண்ணுவோடு சேர்த்து இருபத்தெட்டுப் பேர் அந்த மாதம் மரமானோம். பூரணம் மட்டும் தன்னை எழுதச் சொல்லவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால் கங்காணி பெயர் கூப்பிட, நாங்கள் எண் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை.

மானேஜருக்கு இது தலைவலியாகிவிட்டது. அவர் விதிப் புத்தகத்தைத் தானே புரட்டி, கடைசிப் பக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். நோய் குணமாகாத மரங்களை ஒரு மாதத்துக்குள் வேரோடு அகற்றலாம். இருபத்தெட்டு எண்களையும் போட்டு, அகற்றப்படுகிறவை இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று லயத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

இருபத்தெட்டுப் பேரும் ஆபீசுக்குப் போனோம். பூரணம் முன்னால் நின்றாள். அய்யாக்கண்ணுவால் நிற்க முடியவில்லை. வெளியே கொடிக்கம்பத்துப் பக்கத்தில் மானேஜர் பிரியமாக வளர்த்த கொன்றை மரத்தில் சாய்ந்துகொண்டார். மஞ்சள் பூவும் இலையும் ஆபீஸ் ஜன்னல் வழியாக மேசைமேல் வந்து கொட்டின.

"அகத்துங்க சார், வேணாங்கல" என்றாள் பூரணம். "ஆனா மரத்த அகத்தணும்னா என்னா காரணத்துக்கு அகத்துறோம்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம், அதே பக்கத்துல கீழ இருக்காம். எழுதிக் குடுங்க. நாளைக்கே போயிடறோம்."

மானேஜர் இலைகளைத் தள்ளிவிட்டு, அறிக்கையிலிருந்து அந்த நீளமான மருந்துப் பெயரைப் பார்த்து எழுதி, ஐம்பத்திரண்டாம் வருஷம் பட்டாளத்துக்காக இத்தோட்டத்து ஆட்கள் அடித்தது, அதனால் தீராத பாதிப்பு அடைந்தவை இருபத்தெட்டு என்று முடித்து, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எங்களை வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அடுத்த வாரம் அதன் நகலைப் படித்த மேலிடம் பதறிப்போய் உத்தரவை ரத்து செய்தது. யாரும் எங்கும் போக வேண்டாம், அந்தக் கடுதாசியை மட்டும் திருப்பி வாங்கிவிடு என்றது. மானேஜரே லயத்துக்கு நடந்து வந்து கேட்டார். பூரணம் துணி பிழிந்துகொண்டே பதில் சொன்னாள். "அது பெரிய ஆஸ்பத்திரியில இருக்குங்க சார். அவங்க ஃபைலுல வச்சுக்கிட்டாங்க."

முத்திரை போட்ட கடுதாசியை ஆஸ்பத்திரியில் யாரும் மரத்தைப் பற்றியது என்று சொல்லவில்லை. எங்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணுவை மட்டும் அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். ஈரலில் கட்டி. இளவயது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னார்: "ஒரு மூணு வருசத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா."

"வந்தோம்" என்றாள் பூரணம். "பதினாலு தடவ வந்தோம்."

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அய்யாக்கண்ணு இறந்தார். தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்தக் கை என்று பார்த்துப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த இளவயதுக் கிராணி இறப்புச் சான்றிதழை எழுதி நீட்டினான். தவமணி வாசித்தாள். காரணம்: இயற்கை மரணம்.

"இயற்கைன்னா என்னா தம்பி?" என்றாள் பூரணம்.

"வயசாகி, தானா வர்றதுங்கம்மா."

"அவருக்கு அம்பத்திரண்டு. தானா வரல. மாத்தி எழுது."

அப்படி மாற்ற முடியாது என்றான் கிராணி. பெரியவரைக் கேட்க வேண்டும் என்றான். பெரியவர் இல்லை என்றான். பூரணம் கவுண்டரை விட்டு நகரவில்லை. அவளுக்குப் பின்னால் நாங்கள் இருபத்தேழு பேரில் வரமுடிந்தவர்கள் எல்லாம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வேறு வேலையாக வந்தவர்களின் வரிசை கதவைத் தாண்டி வெயிலுக்குப் போயிற்று. உட்காருங்கள் என்றார்கள், மறுத்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், தொடவில்லை. பிணத்தை எடுத்துக்கொண்டு போங்கள், காகிதம் பிறகு வரும் என்றார்கள். "காயிதம் பொறவு வரும்னு எங்கிட்ட நெறைய பேரு சொல்லிட்டாங்க" என்றாள். பகல் ஒன்றரை மணிக்கு அந்த இளவயது டாக்டர் தானே இறங்கி வந்து, ஃபைலைத் திறந்து, பழையதை அடித்துவிட்டு ஈரல் புற்று என்றும் கீழே அந்த நீளமான மருந்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பூரணம் மகளை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னாள். ஒரு முறை. இன்னொரு முறை. மடித்து மகளிடமே கொடுத்தாள்.

பிறகு கவுண்டருக்குத் திரும்பினாள். "இன்னொரு ஃபாரம் குடு தம்பி."

"யாருக்கும்மா?"

அவள் கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை எடுத்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும், பிடரி நெடுகவும், கறுப்பு முனை வைத்த அதே கட்டிகள் இருந்தன. எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தவமணிக்கும் தெரிந்திருக்கவில்லை, அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு" என்றாள் பூரணம். "பேரு பூரணம். வயசு நாப்பத்தெட்டு. மனுஷின்னு போடு."

கிராணி ஃபாரத்தை எடுத்து, பெயரை எழுதி, வயதை எழுதி, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டான்.

"இப்ப ஒரு நாக்காலி போடு" என்றாள் அவள். "சொல்றேன்."